வாங்குவதா, கட்டுவதா: அரசுத் திட்டத்துக்கு மென்பொருள் தேர்வு செய்யும் முறை

ஸ்காட்லாந்து காவல்துறை 2013-ல் ‘ஐ6’ என்ற மென்பொருளுக்கு ஒப்பந்தம் போட்டது. ஸ்பெயினின் சிவில் கார்டு படைக்கு ஏற்கெனவே செய்து கொடுத்திருந்த அமைப்பை எடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும் என்பது கணக்கு. வடிவமைப்பு வேலையில் இறங்கிய பிறகுதான் பழையது ஒத்துவராது, முழுக்கப் புதிதாகவே எழுத வேண்டும் என்று தெரிந்தது. 2016 ஜூலையில் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டார்கள். ரெடிமேட் என்று நினைத்து வாங்கியது பாதி வழியில் தையல் வேலையாக மாறிவிடும் இந்த விபத்து அரசுத் திட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. அவற்றைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் திட்டத்தைத் துண்டு போடுங்கள்

“வாங்கலாமா, நாமே கட்டலாமா” என்ற கேள்வியை முழுத் திட்டத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் கேட்பதுதான் முதல் தவறு. ஓர் உரிமம் வழங்கும் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருந்து பார்த்தால் அது ஒரே அமைப்பு. பிரித்துப் பார்த்தால் பயனர் நுழைவு, விண்ணப்பப் படிவம், ஆவணப் பதிவேற்றம், கட்டணம், குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும், அதிகாரிகளின் மேசைக்கு மேசை நகரும் கோப்பு வரிசை, கள ஆய்வுக்கான மொபைல் செயலி, தகுதி விதிகள், உரிமப் பதிவேடு, கையொப்பமிட்ட சான்றிதழ், மேல்முறையீடு, அறிக்கைகள், கணக்குப் பிரிவுக்குப் போகும் விவரம் என்று 13 துண்டுகள் கிடைக்கும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள் எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதே வேலையை இதே மாதிரி வேறு எத்தனை பேர் செய்கிறார்கள்? நம் வேலை அவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது என்றால், அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இந்தத் துண்டு வருடத்துக்கு எத்தனை தடவை மாறும், அந்த மாற்றத்தை முடிவு செய்பவர் யார்?

குறுஞ்செய்தி அனுப்புவது உலகம் முழுவதும் ஒரே வேலைதான். கட்டணம் வாங்குவதும் அப்படியே. அவற்றைக் கட்டுவதில் பயனில்லை. வாங்குங்கள், அல்லது அரசுக்குள் யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தகுதி விதிகள் அப்படியல்ல. அவை உங்கள் சட்டத்திலிருந்து வருகின்றன, சட்டமன்றம் கூடும்போதெல்லாம் மாறக்கூடும், வேறு யாருக்கும் பயன்படாது. அந்தத் துண்டை வெளியாரின் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் ஒவ்வொரு சட்டத் திருத்தத்துக்கும் ஒரு விலைப்புள்ளி கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளில் இரண்டோ மூன்றோதான் உண்மையிலேயே தனித்துவமானவை என்று தெரியவரும். கட்டும் சக்தி முழுவதையும் அந்த இரண்டு மூன்றுக்கு ஒதுக்குங்கள்.

பதிவேட்டைப் பற்றித் தனியாக ஒரு சொல். யாருக்கு எந்த உரிமம், எந்தத் தேதியில், யார் உத்தரவில் கொடுக்கப்பட்டது என்ற பதிவு, மென்பொருள் மாறினாலும் நிலைக்க வேண்டியது. மென்பொருளை வாங்கினாலும் தரவின் அமைப்பு, அடையாள எண்களின் முறை, எந்தப் புலத்துக்கு என்ன பொருள் என்ற விளக்கம் ஆகியவை துறையின் கையில், துறையின் ஆவணமாக இருக்க வேண்டும்.

துண்டு போடுவதிலும் எல்லை உண்டு. 13 துண்டுகளை 13 வெண்டர்களிடம் கொடுத்தால், ஒரு விண்ணப்பம் காணாமல் போகும் நாளில் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். அடிக்கடி ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் துண்டுகளை ஒன்றாகக் கட்டி நான்கைந்து தொகுதிகளாக்குங்கள். தொகுதிகளுக்கு இடையே ஓடும் ஏபிஐ-களின், அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் இணைப்பு வழிகளின், விவரக்குறிப்பைத் துறையே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதை வெண்டரிடம் விட்டால் இணைப்புப் புள்ளிகள் அவருக்கு வசதியான இடங்களில் அமையும், பிறகு அவரை மாற்றும்போது சுவரையே இடிக்க வேண்டிவரும்.

வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறதா, பழக்கத்தில் இருக்கிறதா

“எங்கள் துறை வேறு மாதிரி, ரெடிமேட் எங்களுக்குப் பொருந்தாது” என்பது எல்லாத் துறைகளிலும் கேட்கும் வாக்கியம். பாதி நேரம் அது உண்மை. எந்தப் பாதி என்று பிரித்தறிவதுதான் இந்த வேலை முழுவதிலும் கடினமான பகுதி, அதிகப் பலன் தருவதும் இதுதான்.

தேவைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் மூன்று எழுத்துகளில் ஒன்றைப் போடுங்கள். சட்டத்திலோ சட்டப்படியான விதியிலோ இருந்தால் ‘ச’. துறையின் ஆணையிலோ சுற்றறிக்கையிலோ இருந்தால் ‘ஆ’. எழுதிய ஆதாரம் எதுவுமே இல்லாமல் “இப்படித்தான் செய்வோம்” என்றிருந்தால் ‘ப’, அதாவது பழக்கம். ‘ச’ போட்டால் பிரிவு எண்ணையும், ‘ஆ’ போட்டால் ஆணை எண்ணையும் எழுதியாக வேண்டும். எண் கிடைக்காத வரி தானாகவே ‘ப’-வுக்கு இறங்கிவிடும்.

ஒரு மாதிரி பாருங்கள். “விண்ணப்பத்தை மூன்று அலுவலர்கள் வரிசையாகப் பரிந்துரைக்க வேண்டும்” என்று ஒரு வரி. சட்டத்தைப் புரட்டினால் “உரிய அலுவலர் ஆய்வு செய்து முடிவெடுக்கலாம்” என்று மட்டும் இருக்கும். இரண்டாவது கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் ஒரு பழைய சுற்றறிக்கை கிடைக்கும். அது அப்போது நடந்த ஒரு முறைகேட்டுக்காகப் போட்டது. மூன்றாவது கையெழுத்துக்கு எழுத்தில் எதுவும் இருக்காது. காகிதக் கோப்பை அடுத்த மாடிக்கு எடுத்துப் போகும்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிவதற்காகப் போட்ட கையெழுத்து அது. கணினியில் கோப்பு எங்கே நிற்கிறது என்று திரையிலேயே தெரியும்போது அதற்கு வேலையே இல்லை. இந்த ஒரு வரியை அப்படியே டெண்டரில் எழுதியிருந்தால், மூன்றடுக்குப் பரிந்துரை இல்லாத எல்லாத் தயாரிப்புகளும் வெளியே போயிருக்கும், அல்லது அதற்காக நிரல் எழுதப் பணம் கொடுத்திருப்பீர்கள்.

‘ப’ வரிகளுக்காக மென்பொருளை மாற்றவே கூடாது. அங்கே பழக்கம்தான் மாற வேண்டும். ‘ஆ’ வரிகளை அந்த ஆணையைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோய், “இதை வைத்துக்கொண்டால் இவ்வளவு செலவு, விட்டால் இவ்வளவு மிச்சம்” என்று காட்டிக் கேளுங்கள். ‘ச’ வரிகள் மட்டுமே மென்பொருள் கட்டாயம் செய்ய வேண்டியவை.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பளப் பட்டியல் மென்பொருள்களே சாட்சி. கனடா மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ‘ஃபீனிக்ஸ்’ சம்பள அமைப்பைத் தொடங்கியது. அடித்தளம் சந்தையில் கிடைக்கும் ஒரு தயாரிப்பு. அதற்குள் 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளைத் திணிக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சுகாதாரத் துறையில் 2010 மார்ச்சில் தொடங்கிய சம்பள அமைப்புக்கும் இதே கதி. ஊதிய ஒப்பந்தங்களும் படிகளும் சேர்ந்து அங்கே சுமார் 24,000 விதமான கூட்டுகள் இருந்தன. இரண்டு இடங்களிலும் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போனது. சம்பளக் கணக்கு உலகமே செய்யும் வேலைதான், தயாரிப்பு வாங்குவது இயல்பான முடிவு. ஆனால் விதிகளைக் குறைக்காமல் வாங்கியதால், பெயரளவில் ரெடிமேடாகவும் உள்ளே முழுத் தையலாகவும் ஒன்று உருவானது. விதிகளைச் சுருக்கும் பேச்சுவார்த்தை தொழிற்சங்கங்களோடும் நிதித்துறையோடும் நடக்க வேண்டியது. அதற்கு ஓராண்டு ஆகும் என்றால் மென்பொருள் ஓராண்டு காத்திருக்கட்டும்.

மாற்றத்தில் நான்கு ஆழங்கள்

“கஸ்டமைஸ் செய்துகொள்ளலாம்” என்று விற்பவர் சொல்லும்போது, எந்த ஆழத்தில் என்று கேளுங்கள். முதல் ஆழம் அமைப்புகளை மாற்றுவது: மொழி, நாள்காட்டி, அலுவலகங்களின் பெயர்கள், கட்டண விகிதங்கள். இரண்டாவது, தயாரிப்பே கொடுத்திருக்கும் கருவிகளை வைத்துப் புதுப் புலங்களையும் கோப்பு வரிசையையும் அறிக்கைகளையும் உருவாக்குவது. மூன்றாவது, தயாரிப்பைத் தொடாமல் வெளியே தனியாக ஒரு சிறு நிரல் எழுதி, ஏபிஐ வழியாக அதோடு பேச வைப்பது. நான்காவது, தயாரிப்பின் சொந்த நிரலையோ தரவுத்தளத்தையோ திறந்து மாற்றுவது.

முதல் மூன்றிலும் புதிய பதிப்பு வரும்போது உங்கள் வேலை பெரும்பாலும் தப்பிக்கும். நான்காவதில் தப்பாது. ஒவ்வொரு பதிப்புக்கும் மாற்றங்களை மீண்டும் செய்து, மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அலுவலகம் சலித்துப்போய் அப்டேட்டையே நிறுத்திவிடும். அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். ஐந்தாண்டு கழித்து, விற்பவரே ஆதரிக்காத ஒரு பழைய பதிப்பில் பொதுமக்களின் விவரங்கள் கிடக்கும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் நிதி, மனிதவள வேலைகளுக்குச் சந்தைத் தயாரிப்பு ஒன்றுக்கு மாறியது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியைத் தங்கள் பழைய முறைக்கேற்பத் தனியாக எழுதிச் சேர்த்தார்கள். அந்தப் பகுதி சரியாக வேலை செய்யாததால் வந்த பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்றே தெரியாமல் கணக்கு குழம்பியது. முதலில் சுமார் 1.9 கோடி பவுண்ட் என்று மதிப்பிட்ட திட்டத்தின் செலவு பல மடங்கானது. கடைசியில் தயாரிப்பை அதன் இயல்பான வடிவிலேயே மறுபடி நிறுவுவது என்று முடிவெடுத்தார்கள். மாநகராட்சியின் வங்கிச் சரிபார்ப்புக்கு உலகத்தில் யாருக்கும் இல்லாத தேவை ஒன்றும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அது ‘ப’ வகையைச் சேர்ந்தது என்பது எங்கள் கணிப்பு.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நான்காவது ஆழம் கிடையாது. யாராவது விதிவிலக்கு கேட்டால் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தச் சட்டப் பிரிவுக்காக, கேட்டவர் யார், செய்யும் செலவு, ஆண்டுப் பராமரிப்புச் செலவு, மூன்றாவது ஆழத்தில் ஏன் முடியாது என்ற விளக்கம். ஒவ்வொரு வரிக்கும் துறைத் தலைவரின் கையெழுத்து. கையெழுத்துக் கேட்டாலே பாதிக் கோரிக்கைகள் மறைந்துவிடும். மீதமுள்ள ‘ச’ வரிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் நான்காவது ஆழம் தேவைப்பட்டால் அந்தத் தயாரிப்பு உங்களுக்கு உரியதில்லை. வேறு பாருங்கள், அல்லது அந்தத் தொகுதியை மட்டும் கட்டுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

விற்பவர் தன் தரவை வைத்து, தன் ஆளை உட்கார வைத்துக் காட்டும் டெமோவில் எல்லாமே ஓடும். அதைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு நாள் ஒதுக்கி, உங்கள் அலுவலகத்தில் தினமும் அந்த வேலையைச் செய்யும் நான்கு பேரை விசைப்பலகை முன் உட்கார வையுங்கள். அவர்கள் கையில் 20 கடினமான வழக்குகளைக் கொடுங்கள். எளிதான விண்ணப்பம் ஒன்று போதும், மற்றவை எல்லாம் வில்லங்கமானவையாக இருக்க வேண்டும்.

என்னென்ன வில்லங்கம்? விண்ணப்பித்தவர் நடுவில் இறந்துபோகிறார், வாரிசு தொடர வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள், அவற்றை வரலாறு அழியாமல் இணைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியிலிருந்து அமலாகும்படி கட்டணம் மாறுகிறது, ஏற்கெனவே கட்டியவர்களுக்கு வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். உத்தரவு போட்ட பிறகு நீதிமன்றம் அதை நிறுத்தி வைக்கிறது. அலுவலர் தவறாக ஒப்புதல் கொடுத்துவிட்டார், தவறு நடந்ததும் திருத்தியதும் இரண்டுமே பதிவில் நிற்க வேண்டும். பெயரில் முதலெழுத்து மட்டும் உள்ளவர், குடும்பப் பெயரே இல்லாதவர். கடைசியில் சொன்னது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று நிற்கும் ஒரு புலம் லட்சக்கணக்கான பதிவுகளைக் கெடுத்துவிடும்.

முன்தேதியிட்ட கணக்கை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ஃபீனிக்ஸில் செலவைக் குறைப்பதற்காக 984 செயல்பாடுகளில் 100-க்கும் மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது தள்ளிப்போட்டார்கள். அப்படிப் போனவற்றில் ஒன்று முன்தேதியிட்ட சம்பளத்தைத் தானாகக் கணக்கிடுவது. அரசு வேலையில் ஊதிய ஒப்பந்தம் எப்போதும் தாமதமாகத்தான் கையெழுத்தாகும், முந்தைய தேதியிலிருந்துதான் அமலாகும். அது இல்லாத சம்பள மென்பொருள் முதல் ஆண்டிலேயே கைவேலையில் மூழ்கிவிடும்.

அதே இரண்டு நாளில் வெளியேறும் சோதனையையும் செய்துவிடுங்கள். நீங்கள் உள்ளிட்ட 20 வழக்குகளையும், இணைப்புகளோடும் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றோடும், திறந்த வடிவத்தில் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். சிஎஸ்வி, ஜேசன், எக்ஸ்எம்எல் என்று வேறு மென்பொருள் படிக்கக்கூடிய எதுவானாலும் சரி. எண்ணிப் பாருங்கள். 20 வழக்குகளும் வந்து, இணைப்புகள் வராமலிருந்தால் அல்லது வரலாறு வெறும் படமாக வந்தால், பத்தாண்டு கழித்து இந்தத் தயாரிப்பை விட்டு நீங்கள் நகரவே முடியாது என்று அர்த்தம்.

பரிந்துரைக்காக விற்பவர் தரும் பெயர்கள் எல்லாம் திருப்தியான வாடிக்கையாளர்களாகத்தான் இருப்பார்கள். மூன்று இடங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்று அந்தத் தயாரிப்பைப் பயன்படுத்திவிட்டு விட்டுப்போன இடமாக இருக்கட்டும்.

பத்தாண்டுக் கணக்கு

ஒப்பீடு எப்போதும் முதலாண்டு விலையில் நடப்பதால்தான் தவறான பொருள் ஜெயிக்கிறது. பத்தாண்டுக்குப் போட்டுப் பாருங்கள். கீழே உள்ளவை முறையைக் காட்டுவதற்கான மாதிரி எண்கள், உங்கள் எண்களை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

தயாரிப்பின் உரிமம் 100 பங்கு என்று வையுங்கள். நிரந்தர உரிமங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு பெரும்பாலும் உரிம விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பத்தாண்டுக்கு 200. நிறுவுவதும் அமைப்பதும் 150, மற்ற அமைப்புகளோடு இணைப்பது 60, பழைய தரவைக் கொண்டுவருவது 40, பயிற்சி 30, நடுவில் ஒரு பெரிய பதிப்பு மாற்றம் 80, கடைசியில் வெளியேறும் செலவு 40. மொத்தம் 700. ஒப்பீட்டில் எல்லோரும் சண்டை போட்ட அந்த உரிம விலை ஏழில் ஒரு பங்குதான்.

கட்டுவதென்றால் முதல் வேலை 250, நிரந்தரக் குழு ஆண்டுக்கு 40 வீதம் 400, சர்வரும் பாதுகாப்புத் தணிக்கையும் 80, தரவு 40, பயிற்சி 30. மொத்தம் 800. அடுத்து அதே தயாரிப்பை வாங்கி நான்காவது ஆழத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 700-ஓடு மாற்றச் செலவு 60, அதைப் பதிப்புக்குப் பதிப்பு காப்பாற்ற ஆண்டுக்கு 15 வீதம் 150. மொத்தம் 910. மூன்று வழிகளில் இதற்குத்தான் விலை அதிகம், இரு பக்கத்துச் சிரமங்களும் உண்டு. எண்கள் மாறினாலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

கணக்கில் அடிக்கடி விடுபடும் இரண்டு விஷயங்கள். ஒன்று, உரிமம் எதை எண்ணுகிறது என்பது. பெயர் குறித்த பயனரையா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவரையா, பரிவர்த்தனையையா, கணினிச் செயலிக்குள் இருக்கும் கோர்கள் என்ற கணக்கிடும் அலகுகளையா? விண்ணப்பிக்கும் பொதுமக்களும் ‘பயனர்’ என்று எண்ணப்பட்டால் சேவை வெற்றிபெறும் நாளில் நிதி தீர்ந்துவிடும். மற்றொன்று, தயாரிப்பின் ஆயுள். அது விற்பவரின் நாள்காட்டிப்படி முடியும். எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் தன் பழைய வணிகத் தொகுப்பான இசிசி 6-க்கு வழக்கமான ஆதரவு 2027 முடிவு வரைதான் என்று 2020-ல் அறிவித்தது. அதை வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகமும், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அந்தத் தேதிக்குள் ஒரு புதுத் திட்டத்துக்கு நிதி தேட வேண்டியிருக்கிறது. டெண்டர் காலத்திலேயே ஆதரவு முடியும் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கட்டுவது என்று முடிவானால்

அமெரிக்காவின் எஃப்பிஐ ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற வழக்குக் கோப்பு அமைப்பைத் தனக்கென்றே எழுத வைத்தது. தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது திட்டம். 2005-ல், சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு, கைவிட்டார்கள். அடுத்து வந்த ‘சென்டினல்’ திட்டமும் தடுமாறியது. 2010-ல் எஃப்பிஐ அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்து, சிறு குழுவை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடும் துண்டைக் காட்டும் முறைக்கு மாறியது. 2012 ஜூலையில் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டுமே தனக்கென்று செய்தவைதான். கட்டுகிற விதத்தில் இருந்த வேறுபாடுதான் விளைவிலும் வந்தது.

கட்டுவதற்கு முன் உங்களிடம் இருக்க வேண்டியவை: முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வாரத்தில் முழுநேரமும் இந்த வேலைக்கே வரும் ஒரு அலுவலர், நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய, துறையின் சம்பளப் பட்டியலில் இருக்கும் இரண்டு பொறியாளர்களாவது, திட்டம் முடிந்த பிறகும் குழுவுக்கு ஆண்டுதோறும் நிதி. கடைசியில் சொன்னதற்கு நிதித்துறை ஒப்பவில்லை என்றால் கட்டாதீர்கள். மூலதனச் செலவில் கட்டி முடித்துவிட்டு, பராமரிப்புக்கு ஆளில்லாமல் விட்ட மென்பொருள் மூன்றே ஆண்டில் பாழடைந்த கட்டடமாகிவிடும்.

ஒப்பந்ததாரர் எழுதும் நிரல் முதல் நாளிலிருந்தே துறையின் சொந்தக் களஞ்சியத்தில், அதாவது நிரலைப் பதிப்பு வாரியாகச் சேமிக்கும் இடத்தில், சேர வேண்டும். திட்டம் முடிந்ததும் சிடியில் ஒப்படைப்போம் என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். கிளவுட் கணக்கும் டொமைன் பெயரும் துறையின் பெயரில். பதிப்புரிமை துறைக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. உரிமை இருந்தும் ஓட்டத் தெரியாத நிரல் வெறும் எழுத்து. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. குழுவில் இல்லாத, அந்தத் திட்டத்தைப் பார்த்தேயிராத ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். வெறும் லேப்டாப்பும் களஞ்சியத்தின் முகவரியும் கொடுங்கள். யாரையும் கேட்காமல், எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை மட்டும் பார்த்து, ஒரே நாளில் அவர் அமைப்பை ஓட வைத்து, தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன என்று காட்ட முடிகிறதா? முடிந்தால் நிரல் உங்களுடையது. முடியாவிட்டால் அது இன்னும் ஒப்பந்ததாரருடையதுதான், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும். காலாண்டுக்கு ஒரு முறை இதைச் செய்து, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொரு அரசு ஏற்கெனவே கட்டியிருந்தால்

வாங்குவது, கட்டுவது இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய வழி இது. அமெரிக்க மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட நிரல் கொள்கையே இந்த வரிசையைத்தான் சொல்கிறது: அரசுக்குள் இருப்பதைப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பார், பிறகு சந்தையில் தேடு, கடைசியாகக் கட்டு. எஸ்டோனியா 2001-ல் தொடங்கிய ‘எக்ஸ்-ரோட்’ தரவுப் பரிமாற்ற அடுக்கை இன்று ஃபின்லாந்தும் சேர்ந்து பராமரிக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகம் வழிநடத்தும் ‘டிஹெச்ஐஎஸ்2’ சுகாதாரத் தகவல் அமைப்பு 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. பிரிட்டன் அரசு எழுதிய ‘நோட்டிஃபை’ செய்திச் சேவையின் திறந்த நிரலை எடுத்துக் கனடா தன் சேவையை அமைத்துக்கொண்டது.

நிரல் இலவசம், வேலை இலவசமில்லை. நிறுவ, இணைக்க, பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். எடுப்பதற்கு முன் களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, ஒரே நிறுவனம் மட்டும் எழுதுகிறதா, வெளியார் சொன்ன குறைகள் எத்தனை மாதத்தில் சரிசெய்யப்பட்டன. எடுத்த பிறகு தனி நகல் பிரித்து உங்கள் விருப்பப்படி மாற்றத் தொடங்காதீர்கள். அதுவும் நான்காவது ஆழம்தான். உங்களுக்கு வேண்டிய மாற்றத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்பி, அதில் சேர வையுங்கள்.

டெண்டரில் எழுத வேண்டியது

600 வரித் தேவைப் பட்டியலுக்கு எதிரே ‘ஆம் / இல்லை’ என்று கட்டம் போட்டால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றே எழுதுவார்கள். பிறகு விலை மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக நான்கு பதில்கள் கேளுங்கள்: இப்போதே இருக்கிறது, தயாரிப்பின் கருவிகளால் அமைக்கலாம், வெளியே தனி நிரல் எழுதி இணைக்க வேண்டும், தயாரிப்பையே மாற்ற வேண்டும். ‘இப்போதே இருக்கிறது’ என்று சொன்னவற்றில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் 20-ஐ முன்னர் சொன்ன இரண்டு நாள் சோதனையில் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் மதிப்பெண் கழியும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். பதில்கள் நேர்மையாகிவிடும்.

ஒரே பெரிய ஒப்பந்தத்தைத் தவிர்த்துக் கட்டங்களாகப் பிரியுங்கள். 8 முதல் 12 வாரம் வரை ஓர் ஆய்வுக் கட்டம். அதன் முடிவில் இரு தரப்பும் அபராதமின்றி விலகலாம். பிறகு ஒரே அலுவலகத்தில் பைலட், அதாவது சிறிய அளவில் முன்னோட்டம். அதற்குப் பிறகே விரிவாக்கம். ஐ6 போன்ற கண்டுபிடிப்பு நடந்தே தீரும் என்றால், அது இந்த 12 வாரத்துக்குள் நடக்கட்டும். வெளியேறும் விலையை முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: முழுத் தரவையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், எவ்வளவுக்குத் தருவார்கள், புது வெண்டருக்கு எத்தனை வாரம் உதவுவார்கள். விலகும் நேரத்தில் இதைப் பேசினால் உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது.

ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின் விளம்பரத் தாளிலிருந்து தேவைகளை வெட்டி ஒட்டாதீர்கள். போட்டியைக் கெடுப்பதோடு, தணிக்கையிலும் முதலில் மாட்டுவது அதுதான்.

பைலட்டும் மாறும் நாளும்

எதை வாங்கினாலும், எதைக் கட்டினாலும், சிறிய ஓர் அலுவலகத்தில் உண்மையான விண்ணப்பங்களோடு முதலில் ஓட்டுங்கள். ஃபீனிக்ஸில் முழு அளவு தொடங்கும் முன் நடக்க வேண்டிய பைலட்டை ரத்து செய்துவிட்டு, சுமார் 2,90,000 ஊழியர்களை இரண்டே அலைகளில் மாற்றினார்கள். பைலட்டில் புது அமைப்பும் பழைய அமைப்பும் ஒரே வழக்குக்கு ஒரே பதில் தருகின்றனவா என்று பாருங்கள். சம்பளம், ஓய்வூதியம், வரி போன்றவற்றில் தொடர்ந்து இரண்டு முழுச் சுழற்சிகளாவது எண்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். சில சமயம் பழைய அமைப்புதான் பல வருடமாகத் தவறாகக் கணக்கிட்டு வந்திருக்கும். அதுவும் தெரிந்தாக வேண்டிய செய்திதான்.

தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நிலையில் அவர் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பைலட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டாக, ஒத்துப்போகாத வழக்குகள் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால், அல்லது தரவு மாற்றத்தில் ஒரு பதிவாவது விடுபட்டால் தொடங்கக் கூடாது என்று. விழா அழைப்பிதழ் அச்சடித்த பிறகு இந்த எண்களை யாராலும் எழுத முடியாது. அந்த அதிகாரம் உள்ளவர் திட்டக் குழுவுக்கு வெளியே இருப்பவராக, பைலட் அலுவலகத்தின் தலைவராக இருப்பது நல்லது. திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கும் ஆளுக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான்.